ஐந்து பாகம் ஆழம்

எஸ்க்விமால்ட் கடற்படைக் கிடங்கிலிருந்து
துருப்பிடித்த குழாயில் வந்து சேர்ந்தது
தென்சீனத்தின் ஒரு விரிகுடா.
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டு.
விக்டோரியாவின் மழை சன்னலில் வழிய
மேசையில் விரித்தேன்.
சுருண்டு சுருண்டு போனது.
நான்கு மூலைக்கும் ஈயக்கட்டி.

பிரெஞ்சுக்காரன் நீல மையில் எழுதியிருந்தான்: ஒன்பது.
அது மீட்டர்.
எப்படிக் கைமாறியதோ, அதன்மேல்
ஆங்கிலேயன் பென்சில்: ஐந்து.
அது பாகம்.
தண்ணீர் ஒன்றுதான்,
அதை அளந்த கயிறுதான் இரண்டு.
நீ தொண்ணூற்றொன்பது ஆண்டு குத்தகை கேட்டால்
எனக்கும் தொண்ணூற்றொன்பது.
உனக்கொரு தீவு என்றால்
எனக்கொரு முனை.
வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள்;
இங்கே ஓணானிடமும்
கையெழுத்து வாங்கியிருப்பார்கள்.

நான் காரைக்காலில் பிறந்தவள்.
ஒரே வாய்க்காலில்
இந்தக் கரை பிரான்சு, அந்தக் கரை பிரிட்டன் என்று
வாத்துகளுக்கு யாரும் சொல்லவில்லை.

கீழ்மூலையில் ஒரு கறை.
"தேநீர். இங்கிலாந்து" என்றாள் லியுங் யுக்-சிம்,
மாவுப் பசையைக் கிளறிக்கொண்டே.
"மது. பிரான்சு" என்றேன்.
தோற்றவர் சூப் வாங்குவதாகப் பந்தயம்.
ஊதா விளக்கடியில் வைத்துப் பார்த்தோம்.
மீன் எண்ணெய்.
கறைகூட இல்லை அது,
ஒரு கட்டைவிரல்.

அருகே மங்கிய சீன எழுத்து நாலைந்து.
யுக்-சிம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தாள்:
கூலி பெற்றுக்கொண்டேன்.
அதற்குக் கீழே, அதே கை, ஆறு மாதம் கழித்து:
கூலி பெற்றுக்கொண்டேன்.
இரண்டு கப்பலுக்கும்
வழி சொன்னவன் ஒருவனே.
பெயர் எழுதவில்லை.

தன் கைப்பேசியில் இன்றைய கடலைத் திறந்தாள்.
விரல் ரேகை கிடக்கும் இடத்தில்
நீளமாக ஒரு மணல்திட்டு.
வற்றம் வந்தால் படகின் வயிறு உரசும்.
பழைய தாளிலோ
ஒன்பதும் இல்லை, ஐந்தும் இல்லை,
அங்கே ஒரு எண்ணும் இல்லை.

மறைத்து வைத்தானோ.
இல்லை, மேசையில் கையூன்றி
முதுகுவலியோடு எழுந்தானோ.
எந்தக் கப்பலாவது தட்டி நின்றதா என்று
பதிவேட்டில் தேடினோம்.
அந்த ஆண்டின் பக்கங்களை
எலி தின்றிருந்தது.

படிவத்தில் "சேதம்" என்ற கட்டத்தை
அப்படியே விட்டுவிட்டு
குடையெடுத்துக் கிளம்பினோம்.
பந்தயத்தில் இருவருக்கும் தோல்வி;
சூப்புக்கு அவரவர் காசு.