இரண்டு விரற்கடை அதிகம்

ஆல்பேட்டை சோதனைச்சாவடியில்
பையைத் திறக்கச் சொன்னார்கள்.
புதுச்சேரியிலிருந்து வரும் எந்தக் குப்பிக்கும்
அங்கே ஒரே பெயர்தான்.
ஏட்டு மூடியைத் திருகி முகர்ந்தார்.
ஒரு தும்மல். இன்னொன்று.
"என்னம்மா இது?"
டர்பன்டைன் சார்.
"அந்தப் பெரிய பாட்டில்?"
ஆளிவிதை எண்ணெய்.
"சமையலுக்கா?"
முகத்துக்கு என்றேன்.
என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு
பஸ்ஸைப் போகச் சொன்னார்.

மஞ்சக்குப்பத்தில், மருந்துக்கடை மாடியில்
பதினோரு வருடமாகப் பல் செய்கிறேன்.
வெள்ளையில் பதினாறு வெள்ளை உண்டென்று
தெரிந்த கை இது.
புகையிலை அடக்கியவரின் வெள்ளை,
போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த வெள்ளை,
கல்யாணத்துக்கு முந்தின மாதம் மட்டும்
வந்து கேட்கிற வெள்ளை.
அந்தத் திமிரில்தான் தொடங்கினேன்:
இருநூறு வருடத்துக்கு முந்தைய பிரெஞ்சுக்காரி,
வெள்ளை மஸ்லின், சிவப்புச் சால்வை,
நாற்காலியின் மேல் தளர்ந்து கிடக்கும் ஒரு கை.
கலர் பிரிண்ட் முப்பது ரூபாய்.
கடைக்காரர் மெஷினில் நீலம் தீர்ந்துகொண்டிருந்தது.
தாளில் அவளுக்குக் காய்ச்சல்,
செல்போனில் சௌக்கியம்.
இரண்டுக்கும் நடுவில் எங்கோ
இருந்தது அவள் கன்னம்.

முதலில் பச்சை பூசு என்றது பாடம்.
சதைக்கு அடியில் பச்சை,
அதன் மேல்தான் ரத்தம் ஏறும்.
பூசினேன்.
டிபன் டப்பாவோடு வந்த அமலோற்பவம்
செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.
"எப்ப எடுக்கிறாங்க?" என்றாள்,
மெல்லிய குரலில்.

ஐப்பசி.
எங்கள் உலையில் பீங்கான்
பன்னிரண்டு நிமிஷத்தில் பல்லாகிவிடும்.
இவள் பதினெட்டு நாளாகியும்
தொட்டால் ஒட்டினாள்.
கெடிலத்தில் தண்ணீர் வந்த இரவு,
கரண்ட் இல்லை.
மெழுகுவத்திக்கு வந்த ஈசல் ஒன்று
அவள் நெற்றியில்
இறக்கையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனது.
இடுக்கியால் எடுத்தேன்.
தடம் இன்னும் இருக்கிறது,
சொன்னால் தெரியும்.

தூரிகை போன வழி தெரியக்கூடாதாம்
அந்தக் காலத்து உருவப்படத்தில்.
யாரும் வரையாமலே அவள் அங்கே
உட்கார்ந்திருக்க வேண்டும்.
அது எனக்குப் பழக்கம்தான்.
நான் செய்த பல்லால் சிரித்தபடி
இம்பீரியல் ரோட்டில் எத்தனை பேர்
என்னைக் கடந்து போகிறார்கள்.
சரியில்லாத பல் மட்டும்தான்
திரும்பி வரும், டப்பாவில், சீட்டோடு.

இவளோ வாயே திறக்கவில்லை.
தொழில்புத்தி விடுமா?
மேல்வரிசை, இடப்பக்கம், ஒன்று போயிருக்கும்.
உதட்டின் அந்த ஓரம்
இம்மி உள்வாங்கியிருக்கிறது.
அதையும் வரைந்தேன்.

பிறகு அந்தக் கை.
அளவைக் கவ்வி வைத்துப் பார்த்தேன்:
தோளிலிருந்து முழங்கை,
முழங்கையிலிருந்து மணிக்கட்டு.
இரண்டு விரற்கடை அதிகம்.
இத்தனை வருடமாக ஒருவர்கூடவா
அளந்து பார்க்கவில்லை!
ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திருத்தினேன்.
சரியான எலும்பு, சரியான மடிப்பு.
தள்ளி நின்று பார்த்தால்
ரேஷன் கடை வரிசையில்
எனக்கு முன்னால் நிற்கிறவள் மாதிரி இருந்தாள்,
பையை எந்தத் தோளுக்கு மாற்றலாம் என்ற யோசனையோடு.
நாற்காலி சும்மா கிடந்தது
அவளுக்குக் கீழே.

சுரண்டும் கத்தியை எடுத்தேன்.
நல்லவேளை, காயவில்லை.
அந்த வாரம் கடலூரில்
மழைக்கு நன்றி சொன்ன ஒரே ஆள்
நானாகத்தான் இருப்பேன்.
மறுபடி அளந்தேன், இந்த முறை
தப்பாக வருவதற்கு.
இரண்டு விரற்கடை.
அவள் சாய்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை ஒரு முன்பல்,
டாக்டர் செங்குட்டுவனின் சீட்டு:
ரத்தினாவதி, நாற்பத்தொன்று.
பக்கத்துப் பல் லேசாகத் திரும்பியிருந்தது அச்சில்.
புதியதை நேராகச் செய்யவும் என்று
அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்.
மெழுகைச் சூடாக்கினேன், அணைத்தேன்,
போன் போட்டேன்.
"சார், அந்தம்மா சிரிச்ச
பழைய போட்டோ ஏதாவது
இருக்குமா, கேளுங்களேன்."