ஒன்றும் இல்லை என்பதற்கான கட்டணம்

சொலிசிட்டரின் கடிதம் இரண்டு பக்கம்.
சமையல் மேடையில்,
வெண்ணெய்க் கத்திக்கும் மின்சார ரசீதுக்கும் நடுவே
மூன்று நாளாய்க் கிடந்தது.
மல்லோ பால் ஆலையில் இரவுப் பணி முடித்து வந்து
காலைக்கு ஒரு வரி வாசிப்பேன்.
அதற்கு மேல் நெஞ்சு தாங்காது.

தொழில் கட்டணம், ஆயிரத்து அறுநூற்றைம்பது யூரோ.
அதன் தலையில் இருபத்து மூன்று சதவீதம் வாட்.
சரி, அது அவள் உழைப்பு.
அதற்குக் கீழே 'இதர செலவுகள்':
முத்திரைத் தீர்வை,
பத்திரப் பதிவு,
அடமானப் பதிவுக்குத் தனியாக நூற்றெழுபத்தைந்து,
சத்தியம் செய்விப்பவருக்குப் பத்துப் பத்தாய்,
தேடுதல் கட்டணம்.

எதைத் தேடுகிறார்கள்?

தொலைபேசியில் கேட்டேன்.
"அதெல்லாம் என் பைக்கு வருவதில்லை, நோரீன்.
என் கை வழியே போகிறது, அவ்வளவுதான்"
என்றாள் எத்னா குவிர்க்.
அவள் பின்னால் ஒரு நாய் குரைத்தது.

வீடே புதுசு, என்றேன்.
யாரும் குளிக்காத குளியலறை.
யாரும் கதவை அறைந்து சாத்தாத படுக்கையறை.
ஜன்னல் கண்ணாடியில் இன்னும் நீல உறை.
இதற்கு என்ன பூர்வ கதை?

"வீடுதான் புதுசு. மண் பழசு."

மண்ணின் கதையைத் தபாலில் அனுப்பினாள்.
மூலப்பத்திரத்தின் நகல்.
பதினேழாம் எண் வீடு நிற்கும் இடத்தில்
ஜெரமையா லீஹி என்பவரின் மாடுகள்
ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்கப் போகும் உரிமை
ஒருகாலத்தில் இருந்ததாம்.
அதை விட்டுக்கொடுத்த கையெழுத்து
எங்கள் ஆலைப் பதிவேட்டில் ஈரக் கை வைத்தாற்போல்
கலங்கியிருந்தது.
என் வரவேற்பறை வழியாக
இனி எந்த மாடும் போகாது.
இதை உறுதிசெய்யவும் ஒரு தொகை.

வில்லங்கம் இல்லை, வில்லங்கம் இல்லை.
இல்லாத ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை.

சாவி வாங்கவிருந்த வெள்ளிக்கிழமை,
காலை ஒன்பதரைக்கு
அவள் மறுபடி அழைத்தாள்.
"உன் பெயரில் ஒரு தீர்ப்பு இருக்கிறது."

ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டேன்.
மூன்று வாரம் வாடகை கொடுக்காத ஒரு மார்ச் மாதம்
எனக்கும் உண்டு;
யாருக்கும் சொன்னதில்லை.

"நோரீன் டூமி.
கடன் சங்கத்துக்குப் பதினோராயிரம் பாக்கி.
முகவரி யூகல், கடற்கரைத் தெரு.
அது நீயா?"

இல்லை.

"இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடு.
பதினொரு மணிக்குள் ஸ்கேன் செய்து அனுப்பு."

பணி மாற்றும் அறையில்,
வெண்ணெய்ப் பெட்டியின் மேல் காகிதத்தை வைத்து எழுதினேன்:
மேற்கண்ட நோரீன் டூமி நான் அல்ல.
அவளோடு எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.
கையெழுத்திட்டேன்,
அவள் பெயரை.

வேறு எந்தப் பெயரைப் போடுவது?

மூன்றரைக்குப் பணம் போய்ச் சேர்ந்தது.
நாலே காலுக்கு,
சேறு காயாத பூட்ஸோடு ஓர் இளைஞன்
இரண்டு சாவியும் ஒரு மிட்டாய் டப்பாவும் கொடுத்தான்.
பின்கதவு ஒட்டிக்கொள்கிறது, என்றேன்.
குறித்துக்கொண்டான்.

நாற்காலி இல்லை. தரையில் உட்கார்ந்தேன்.
கடிதத்தை மறுபடி விரித்தேன்.
எல்லா வரியும் இப்போது விளங்கியது;
கூட்டிப் பார்த்தேன், சரியாகவே இருந்தது.
தேடுதல் கட்டணம் நூற்று நாற்பது.
அந்த வரியில் விரல் நின்றது.

யூகலில் இந்நேரம் மழை இருக்கும்.
அவள் வீடு வாங்கப் போவதில்லை.
அவளுக்காக ஒரு எத்னா
என் பெயரைத் தேடிப் பார்த்து,
'அது நீயா' என்று கேட்கப் போவதில்லை.

டப்பாவில் ஒரு மிட்டாயைப் பிரித்தேன்.
தாளின் சத்தம்
காலி அறையில் ரொம்பப் பெரிதாகக் கேட்டது.