கறுப்பு கடைசி

மூன்றரை மணிக்குச் சாவியைத் திருப்பினேன்.
டிக் என்றது.
மறுபடி திருப்பினேன். டிக் டிக் டிக்.
பல்லி சொல்வதுபோல் இருந்தது,
எந்தத் திசைக்கு என்ன பலன் என்று பார்க்க நேரமில்லை.
பின் சீட்டைக் கழற்றிய இண்டிகாவுக்குள்
ஆறு மூட்டை சாமந்தி.
ஆறு மணிக்குள் தருமபுரி போகாவிட்டால்
அது பூ இல்லை, குப்பை.

உள்விளக்கின் இழை மட்டும் சிவப்பாக,
அணையப் போகும் ஊதுவத்தி அளவுக்கு.
நேற்று ராத்திரி பிள்ளைகள் பார்க்கக் கூடாதென்று
வண்டிக்குள் உட்கார்ந்துதான் சம்மனைப் படித்தேன்.
சர்வே எண், உட்பிரிவு, வடக்கே வரப்பு,
பிரதிவாதி நான்.
மடித்து டேஷ்போர்டில் திணித்தவள்
விளக்கை மறந்தேன்.

விளக்கு மட்டும் கொன்றதென்று சொல்ல மாட்டேன்.
ஒரு மாதமாகவே இழுத்து இழுத்துத்தான் எழுந்தது.
முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது.
மாரண்டஅள்ளி ஜாபர் பானெட்டைத் தூக்கிப் பார்த்து
"நாலு வருஷம் ஓடிருச்சுக்கா, மார்கழிக்கு முன்னாடி மாத்திடு.
குளிர்ல கைய விரிச்சிடும்" என்றான்.
நாலாயிரத்து இருநூறு.
அதே வாரம் வக்கீல் நாலாயிரம் கேட்டார்.
வக்கீலுக்குக் கொடுத்தேன்.

தள்ளலாம். தள்ள ஆள்?
வீட்டுக்காரர் ஓசூரில் நைட் ஷிப்ட்.
பெரியவளையும் சின்னவனையும் எழுப்பித் தள்ளவிட்டேன்.
வாசலிலிருந்து ரோட்டுக்கு ஏற்றம்.
நாலடி போய் ஆறடி திரும்பி வந்தது.

கைகாட்டியதற்கு ஒரு லாரி நின்றது.
"என்னுது இருபத்துநாலு வோல்ட்டும்மா, உன்னுது பன்னெண்டு.
நல்லது பண்றேன்னு கொளுத்திட்டுப் போகக் கூடாது"
என்று சொல்லிவிட்டுப் போனார் டிரைவர்.

பன்னிரண்டு வோல்ட்டில் வேறு யார் இருக்கிறார்கள் இங்கே?
வரப்புக்கு வடக்கே தீர்த்தகிரி.
வாதி.

நான் கூப்பிடவில்லை. சத்தம் கேட்டிருக்கும்.
பொலிரோவின் வெளிச்சம் வந்து
என் வண்டியின் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.
குரங்குக் குல்லா, தோளில் கேபிள்.
ஆறு வருஷம் பேசாத வாயைத் திறந்தால்
என்ன வருமோ என்று அவருக்கும் இருந்திருக்கும்.
டார்ச்சை நான் பிடித்தேன்.

சிவப்பு என் பிளஸ்ஸில். மறுமுனை அவர் பிளஸ்ஸில்.
கறுப்பு அவர் மைனஸில்.
மிச்சமிருந்த கவ்வியை என் மைனஸுக்குக் கொண்டுபோனேன்.
"அங்க வேணாம்."
ஆறு வருஷத்துக்குப் பின் முதல் பேச்சு.
"பேட்டரிகிட்ட பொறி விழக் கூடாது. கேஸ் இருக்கும்."
கேஸ் என்றதும் இரண்டு பேரும் நிமிர்ந்தோம்.
"ஆவி, ஆவி" என்றார் அவசரமாக.
இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டைக் காட்டினார்.
கவ்வினேன். சின்னதாக ஒரு பொறி.

அவர் வண்டி ஐந்து நிமிஷம் உறுமிக்கொண்டிருந்தது.
மூட்டைகளைப் பார்த்து "மஞ்சளா?" என்றார்.
"மஞ்சள்தான்."
"இப்பப் போடு."
பிடித்துக்கொண்டது.
கழற்றும்போது தலைகீழ் வரிசை, கறுப்பு முதலில்.
"வித்து முடியற வரைக்கும் ஆஃப் பண்ணிடாத."

மார்க்கெட்டில் இன்ஜின் ஓட ஓடத்தான் விலை பேசினேன்.
"புகையுதும்மா, நிறுத்து" என்றான் தரகன்.
நிறுத்தினால் எழாது என்றேன்.
அவசரக்காரி என்று தெரிந்துகொண்டு
கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்தான்.

ஒன்பது மணிக்கு ஜாபர் கடையில் புதுசு.
பழையதற்கு ஐநூறு கழித்தான்.
கவ்விகளை வெந்நீரும் சோடா உப்பும் விட்டுத் தேய்த்து,
துடைத்து மாட்டி, வாஸ்லைன் தடவினான்.
"சும்மா நின்னாலும் வாரம் ஒருக்கா அரை மணி ஓட்டுக்கா.
எறங்கறப்ப ஒரு தடவ திரும்பிப் பாரு."

திரும்பிப் பார்த்தேன்.
பக்கத்து சீட்டில் தீர்த்தகிரியின் கேபிள்,
சுருண்டு, சாமந்தி இதழ் ஒட்டி.
வழியில் நின்றால் ஆகுமென்று போட்டாரா, மறந்தாரா.
கொண்டுபோய்க் கொடுக்க வரப்பைத் தாண்ட வேண்டும்.
தாண்டக் கூடாதென்பதுதான் அவர் வழக்கே.
பதினெட்டாம் தேதி பாலக்கோடு கோர்ட்டுக்கு
எப்படியும் இரண்டு பேரும் வருவோம்,
அங்கே கொடுத்துவிடலாமா?
சிரிப்பு வந்தது.
என்னக்கா என்றான் ஜாபர்.
ஒன்றுமில்லை,
இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டு என்றேன்.