மற்றவை

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலிருந்து
காலை எட்டரைக்கு அம்மா வந்து இறங்குவார்.
நான் அப்போதுதான் மடிக்கணினியை மூடியிருப்பேன்.
ஜெலுத்தோங் அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்தில்
இரண்டு பேருக்குமே இரவு வேலை.
அவருக்கு மட்டும் கம்பெனி பஸ் உண்டு.

"ஒன் மக எங்க வேல செய்யுதுன்னு கேட்டா
என்னாதான் சொல்றது?"
மின்தூக்கியில் யாரோ கேட்டிருக்கிறார்கள்.
இணையத்தளம் கட்டுவதாகச் சொல்லச் சொன்னேன்.
மாடிக்கு மாடி இறங்கும்போது
இணையத்தளம் எங்கோ விழுந்து
கட்டுவது மட்டும் மிஞ்சியிருக்கிறது.
குளியலறைக்கு ஓடு பதிக்க எவ்வளவு ஆகும் என்று
நான்காம் மாடி சந்தனமேரி அக்கா
ஆள் அனுப்பிக் கேட்டார்.

முதல் வேலை ஒரு சவப்பெட்டிக் கடைக்கு.
கறுப்பு வேண்டாம், வெள்ளையும் வேண்டாம்,
அழுதுகொண்டே அழுத்துகிறவனுக்கும்
தொலைபேசி எண் தெரியவேண்டும் என்றார் திரு. கூ.
அவ்வளவு தெளிவான குறிப்பு
பிறகு எந்த வாடிக்கையாளரிடமிருந்தும் வந்ததில்லை.
அறுநூறு வெள்ளியைச் சிவப்பு உறையில் போட்டுத் தந்தார்,
சாவுக் காசு என் வீட்டுக்குள்
சாவுக் காசாகவே நுழைந்துவிடக் கூடாதாம்.

அதன்பின் விலையே போடாத நாசி கண்டார் மெனு.
"கொஞ்சம் பளிச்சுன்னு" மட்டும் சொல்லத் தெரிந்த
மணமேடை அலங்காரக்காரர்.
அடுத்த வாரம் காசு, அடுத்த வாரம் காசு.
அன்புடன் நினைவூட்டுகிறேன் என்று தொடங்குவேன்.
மூன்றாவது கடிதத்தில் அன்பு கழன்றுவிடும்.

இந்த மாதம் ஒரு பழைய மைவிக்கு
பதினெட்டாயிரம் வெள்ளி கடன் கேட்டு
கூட்டுறவுச் சங்கத்தின் பக்கத்தைத் திறந்தேன்.
பக்கம் என்னைப் பார்த்தது.
நான் செய்த பக்கம்.
கோலாலம்பூரில் ஒரு நிறுவனம் எடுத்து
இன்னொன்றுக்குக் கொடுத்து
அது எனக்குத் தள்ளிய வேலை.
என் பெயர் அதில் எங்கும் இல்லை.

தொழில்? என்றது.
அரசு ஊழியர். தனியார் ஊழியர். வியாபாரம்.
ஓய்வு பெற்றவர். இல்லத்தரசி. மற்றவை.
எக்செல் கோப்பில் வந்த ஆறு வரி.
விடிகாலை மூன்று மணிக்கு நானேதான் தட்டினேன்.
ஏழாவதாக ஒன்று குறைகிறதே என்று
அப்போது தோன்றவில்லை,
அதே வேலையின் காசுக்கு
எழுபது நாள் காத்திருந்தபோதுகூட.

மற்றவை.

அழுத்தியதும் ஒரு வரி விரிந்தது:
மூன்று மாதச் சம்பளச் சீட்டை இணைக்கவும்.
சிவப்பில்.
அந்தச் சிவப்பும் என்னுடையதுதான்.
நான்கு சிவப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து,
திட்டாமல் மறுக்கும் சிவப்பு இது என்று
தேர்ந்தெடுத்தது.
நன்றாகத்தான் மறுத்தது.

சம்பளச் சீட்டுக்குப் பதில்
பதினொரு விலைச்சீட்டுகளை இணைத்துப் பார்த்தேன்.
மூன்றுக்கு மேல் ஏற்காது.
ஏற்காதபடி எழுதியவள் எனக்குத் தெரிந்தவள்,
அவளிடம் பேசிப் பயனில்லை.

கோபம் வரவேண்டிய இடத்தில்
கண் வேறெங்கோ போனது.
கைப்பேசித் திரையில் அனுப்பு பொத்தான்
மூன்று படப்புள்ளி இடப்பக்கம் சரிந்து நிற்கிறது.
எனக்குப் பிறகு யாரோ கை வைத்திருக்கிறார்கள்.
கடன் இல்லாமல் தூங்கிவிடுவேன்,
அதைப் பார்த்துவிட்டுத் தூங்க முடியவில்லை.

படப்புள்ளிக்கு ஒரு விலைப்புள்ளி எழுதினேன்.
பொத்தானை நேராக்க: எண்பது வெள்ளி.
தொழில் பட்டியலில் ஒரு வரி சேர்க்க: இலவசம்.

ஆச்சரியம், இரண்டே நாளில் பதில்.
எண்பதுக்குச் சம்மதம்.
அந்த வரியில் என்ன பெயர் போடவேண்டும்?

காலை எட்டரை.
அம்மா கதவைத் திறந்தார்.
பெயரை யோசித்தபடி அவரிடமே கேட்டேன்.
"கட்டுமானம்னு போடு,"
காலணியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்,
"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."