பத்தாவது இறகு

தெலுக் ஆயர் தாவாரில் நீர் வற்றிக்கொண்டிருந்தது.
சேற்றின் முதல் மேடு தெரிந்ததும் வந்து இறங்கின
பழுப்புத்தலைக் கடற்காக்கைகள், நூற்றுப் பன்னிரண்டு.
பெயரில்தான் பழுப்பு. நவம்பரில் தலை வெள்ளை,
காதருகே மட்டும்
யாரோ மைவிரலால் தொட்டுவிட்டுப் போன கறை.

எண்ணிவிடலாம்.
வயது சொல்வதுதான் வம்பு.

வாலோரம் கறுப்புப் பட்டை, தோளில் தவிட்டு நிறம்,
அலகு வெளிறிய ஆரஞ்சு, நுனி கரி,
விழி இன்னும் இருட்டு:
இது இந்தக் கோடையில் ஓட்டை உடைத்தது.
வளர்ந்ததற்கு விழி வெளுக்கும், காலும் அலகும் சிவக்கும்,
இறக்கையின் கரிய நுனியில்
இரண்டு வெள்ளைச் சன்னல்கள் திறந்திருக்கும்.
நடுவில் ஒரு வயது உண்டு.
அதற்கும் சன்னல் உண்டு, சின்னது.

பூன் கியாட் தொலைநோக்கியை என் பக்கம் திருப்பினார்.
பெர்ரியில் எஞ்சின் பார்ப்பவர்; விரலில் கிரீஸ் வாசம்.
"இடமிருந்து ஏழாவது. இரண்டாம் குளிர்காலம்."

அது சோம்பல் முறித்தது, ஒரு பக்க இறக்கையை மட்டும் நீட்டி.
"சன்னல் சின்னதில்லை," என்றேன், "பாதி மறைந்திருக்கிறது."
உள்ளிருந்து வெளிப்பக்கமாக
ஒன்றை உதிர்த்து, ஒன்றை முளைக்கவிட்டு
இத்தனை மாதம் பறந்து வந்திருக்கிறது அந்த இறக்கை.
பத்தாவது இறகு கடைசி.
அது இன்னும் உறையைவிட்டு முழுதாக வரவில்லை.
"பெரிய ஆள்தான் இது."
"விழியைப் பார்த்தாயா?"
வெயில் எதிரே. விழி தெரியவில்லை.

அவர் எழுதினார்: இரண்டாம் குளிர்காலம். பக்கத்தில் கேள்விக்குறி.

நான் பட்டர்வொர்த்தில் ஒரு கிளினிக்கின் பதிவு மேசை.
நாளுக்கு எண்பது பேரிடம் கேட்கிறேன், பிறந்த தேதி என்ன.
என் ஐசியின் முதல் ஆறு எண் 890101.
பதியப் போனபோது எனக்கு நாலோ ஐந்தோ.
கவுண்டரில் இருந்தவர் என்னை எழுந்து நிற்கச் சொன்னாராம்,
உயரம் பார்த்தாராம், வாயைத் திறக்கச் சொன்னாராம்,
பால்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்ததாம்.
ஜனவரி ஒன்று என்று எழுதிக்கொண்டார்.
அம்மாவோ சத்தியம் செய்வாள்:
பெர்ரி ஜெட்டி இடிந்து விழுந்த அன்று
நீ சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாய், ரேடியோவைத் தள்ளிவிட்டாய்.
ஜெட்டி இடிந்தது எண்பத்தெட்டு ஜூலையில்.
அப்படியானால் பிறப்பதற்கு ஐந்து மாதம் முன்பே
நான் நடந்திருக்கிறேன்.

இதைப் பூன் கியாட்டிடம் சொன்னதில்லை.
ஒவ்வொரு ஜனவரி ஒன்றும் கேக் வாங்கி வருகிறார்,
பாண்டான் கேக், பாகான் ஆஜாம் கடையிலிருந்து.
நன்றாகத்தான் இருக்கும்.

ரப்பரை எடுத்தார். "சரி, என்ன போடட்டும்?"
வளர்ந்தவை எழுபத்தொன்று,
முதல் குளிர்காலம் முப்பத்து மூன்று,
இரண்டாம் குளிர்காலம் ஏழு.
ஒன்று மிச்சம். அந்த ஒன்றுக்குத் தாளில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதச் சொன்னேன்: தெரியவில்லை.
"இவ்வளவு நேரம் சண்டை போட்டாயே?"
"பெரிய ஆள்தான். ஆனால் நான் விழியைப் பார்க்கவில்லை."

அப்போது சிப்பிப் படகு ஒன்று இருமிக்கொண்டு வந்தது.
எல்லாம் எழும்பின.
ஒரு கணம் வானம் முழுக்கச் சன்னல்கள்.
படகு போனதும்
அதே மேட்டில் வேறு வரிசையில் வந்து அமர்ந்தன.

ஏழாவதைத் தேடினோம்.
நூற்றுப் பன்னிரண்டும் இறக்கையை மடித்துவிட்டிருந்தன.