தீர விசாரித்தல்

பனிக்காலத்தில் வூச் நகரத்து டிராம்கள்
மாலை நான்கு மணிக்கே விளக்கேற்றிக்கொள்கின்றன.
மூடிப்போன நூற்பாலைச் சுவரை ஒட்டித்
தண்டவாளம் இடப்பக்கம் வளைகிற இடத்தில்
ஒரு சின்னத் துள்ளல்.
பயணிகள் புத்தகத்திலிருந்து தலை தூக்குவதில்லை.
ஓட்டுகிற பொகுமிலாவுக்கு மட்டும் அது
ஒரு மனிதனின் எடை.

பணி முடிந்ததும் நடந்தே திரும்பி வருவாள்.
டார்ச் அடித்துப் பார்ப்பாள்.
ரத்தம் இல்லை. தொப்பி இல்லை. யாரும் முனகவில்லை.
வீட்டில் மேல்கோட்டைக் கழற்றும்போது,
ஒருவேளை சாக்கடைப் பக்கம் உருண்டிருந்தால்?
பொத்தான்களை மறுபடி போடுவாள்.

நவம்பரில் மட்டும் காவல் நிலையத்துக்குப் பதினோரு ஃபோன்.
அங்கிருந்த இளைஞன் மூச்சை வைத்தே கண்டுபிடித்து
"இன்றும் யாரும் சாகவில்லை, மேடம்" என்பான்.

ரதோஸ்வாஃபின் அறை இரண்டாம் மாடியில்.
ஹீட்டர் கொதிக்கும், ஜன்னல் திறக்காது.
அவள் பையிலிருந்து எடுத்து வைத்தாள்:
மூன்று வருடத்து விபத்துச் செய்திகள், தேதிவாரியாக;
வளைவின் நாற்பத்தேழு புகைப்படங்கள்;
சக்கரத்தைச் சோதித்த மெக்கானிக்கின் கையெழுத்து,
இரண்டு பிரதி.
எந்த நீதிமன்றமும்
முதல் வாய்தாவிலேயே அவளை விடுவித்திருக்கும்.

அவனுக்குப் படிப்பில் சொல்லித்தந்தது:
தாளின் நடுவே கோடு போடு.
இந்தப் பக்கம், எண்ணத்துக்கு ஆதரவான சான்று.
அந்தப் பக்கம், எதிரான சான்று.
அவர்களையே எடைபோடச் சொல்.
'என்னை ஒருவருக்கும் பிடிக்காது' என்று வந்த தபால்காரர்
எதிர்ப்பக்கத்தில் இடம் போதாமல்
தாளைத் திருப்பி எழுதினார்.

இவளுக்காக எடுத்த பென்சிலை
எடுத்த இடத்திலேயே வைத்தான்.
இவளுக்குச் சான்று மருந்தல்ல,
சாராயம்.

தீர விசாரிப்பதே மெய் என்கிறார்கள்.
விசாரணை தீராமல் போனால்?

"திரும்பிப் போய்ப் பார்க்காதீர்கள்" என்றான்.
"ஃபோன் வேண்டாம். பேப்பர் வேண்டாம்.
தெரியாமலே தூங்குங்கள்."

இருபத்தாறு வருடம் பிரேக் பிடித்த கை
மேசை விளிம்பைப் பிடித்தது.
"இது பலிக்கும் என்பதற்கு
என்ன சான்று?"

நியாயமான கேள்வி.
சீட்டுக் குலுக்கிப் பிரித்த இரண்டு கூட்டங்களைப் பற்றிச் சொன்னான்.
பார்க்காமல் இருக்கப் பழகியவர்கள் ஒரு கூட்டம்,
மூச்சுப் பயிற்சி மட்டும் செய்தவர்கள் இன்னொன்று,
யார் எதில் என்று தெரியாமலே
மதிப்பெண் போட்டவர்கள்.
முதல் கூட்டத்தில் பாதிக்கு மேல் தேறினார்கள்.

"மீதி?"

மீதிக்கு அந்தக் கட்டுரையில்
ஒரு சதவீதம் இருந்தது, முகம் இல்லை.
"தெரியாது" என்றான்.
அந்தச் சொல்லுக்காகத்தான் ஒத்துக்கொண்டேன் என்று
பிறகொரு நாள் சொன்னாள்.

செவ்வாய், தோற்றாள். டார்ச்சோடு போனாள்.
புதன், பாதி வழி. ஒரு ரொட்டிக்கடை வாசலில் நின்று
வேண்டாத ரொட்டி ஒன்று வாங்கித் திரும்பினாள்.
வியாழன், பீட்ரூட் சூப் வைத்தாள்.
உப்பை இரண்டு முறை போட்டாள்.
பத்தரை மணி, பயம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து.
பன்னிரண்டு, அறுபது.
அதற்குப் பின் தாளில் எண் இல்லை,
சூப்புக் கறை.

பிப்ரவரியில் வந்து உட்கார்ந்தாள்.
"எதுவும் நிரூபணமாகவில்லை.
இன்று மாலைகூட அந்த வளைவில்
யாரையாவது கொன்றிருக்கலாம்."
கொஞ்ச நேரம் கழித்து,
"பசிக்கிறது."

அவள் போனபின் மதிப்பெண்ணைக் கூட்டினான்.
முப்பத்தொன்று இருந்த இடத்தில் பதினான்கு.
மறுபடி கூட்டினான். பதினான்கு.
பேனா நிறம் மாற்றி
இன்னொரு முறை.

இரவு அவன் ஏறிய டிராம் வளைவில் துள்ளியது.
அவன் வீட்டுக்கு இன்னும் மூன்று நிறுத்தம்.
இறங்கினான்.
பனி. மணல் தூவிய தண்டவாளம்.
குழந்தையின் ஒற்றைக் கையுறை,
யாரோ எடுத்து வேலிக் கம்பியில் செருகியிருந்தார்கள்.

போன டிராமை யார் ஓட்டினார்கள் என்று
அவன் பார்த்திருக்கவில்லை.