பிற குறிப்புகள்

முதல் வரிசையை நான்தான் போட்டேன்.
அஞ்செட்டி ஆய்வகத்தில் கரண்ட் போய்
இன்வெர்ட்டர் கத்திக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை.
பெயர் வேண்டாம், எண் போதும் என்று முடிவு.
வயது, ஊர், தொழில், காய்ச்சல் எத்தனை நாள்,
தட்டணு எத்தனை ஆயிரம்.
டெங்கு இல்லை.
மலேரியா இல்லை.
டைபாய்டும் இல்லை.
அடுத்த கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல்
ஒரு கேள்விக்குறி வைத்தேன்.

இரவு பத்தரைக்கு
அதே தாளில் இன்னொருவரின் பச்சைக் கோடு துடித்தது.
தேன்கனிக்கோட்டை மருந்துக்கடை முனிரத்தினம்.
தட்டச்சு பழகாத விரல்,
ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில்
ஒரு மிடறு தண்ணீர் குடிக்கலாம்.
'பாராசிட்டமால் வாங்கிப் போன நாலு பேர்
மூணாம் நாள் வந்து அதையே கேட்கிறார்கள்.'
இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று
வரிசைகள் நிரம்பியபோது
எனக்குப் பயத்தைவிடத் துணைதான் அதிகம் தெரிந்தது.
வெட்கமாக இருக்கிறது இதைச் சொல்ல.

கிராம செவிலியர் நாகவேணிக்குச் சிக்னல்
தண்ணீர்த் தொட்டியின் ஒன்பதாம் படியில்தான்.
பகலெல்லாம் சேர்த்து வைத்து
சாயங்காலம் ஏறி நின்று அனுப்புவார்:
ஏழு பேர், ஒரே மூச்சில்.
கடைசிக் கட்டம், பிற குறிப்புகள்,
யாரும் தொடாமல் இருந்தது. அவருக்கு அதுதான் முதல் கட்டம்.
'ஆடு விற்றுத்தான் ஆட்டோ பிடித்தார்.'
'கணவர் ஓசூரில். போன் எடுக்கவில்லை.'
'வேலி போட்டு முடிக்காமல் படுக்கமாட்டேன் என்கிறார்.'
'ராகி அறுப்பு முடியட்டும் என்கிறாள்.'
இதெல்லாம் தரவு இல்லை அக்கா என்று எழுதினேன்.
அழிக்கவில்லை. கீழே ஒன்று சேர்த்தார்:
'அறுப்பு முடிந்தது. ஆள் எழுந்திருக்கவில்லை.'

பதினான்காம் வரிசை இறந்தபோது
என்ன நிறம் கொடுப்பதென்று சண்டை.
சிவப்பு குங்குமம் மாதிரி இருக்கு என்றார் ஒருவர்,
கறுப்பு போட்டால் எழுத்து மறைந்துவிடும்.
சாம்பல் போட்டோம்.
அன்றிரவு நாலு பேரும் தாளில் இருந்தோம்,
நாலு கோடுகளும் அசையாமல்.

ஐந்தாவதாக வந்தவரை யாரும் அழைக்கவில்லை.
பைரப்பா, கால்நடை உதவியாளர்.
வந்தவர் எண்களைப் பார்க்கவேயில்லை,
மேலிருந்து கீழாக, காலடித் தடம் பார்ப்பதுபோல,
நாகவேணியின் கட்டத்தை மட்டும் படித்திருக்கிறார்.
'எல்லார் கதையிலும் ஒரு வேலி வருது, கவனிச்சீங்களா?
பன்றிக்குப் பயந்து வேலி கட்ட
உண்ணிச்செடி வெட்டப் போனவங்க.
அக்குள், இடுப்பு மடிப்பு, முட்டிக்குப் பின்னால பாருங்க.
பீடிச் சூடு மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு.'

மறுநாள் நாகவேணி பார்த்தார்,
பெண்களுக்குப் புடவையை மறைப்பாகப் பிடித்து.
பாவாடை நாடா இறுகும் இடத்தில்,
அரைஞாண் கயிற்றுக்கு அடியில்.
பதினொரு பேர்.
வலியில்லை, அரிப்பில்லை, எதுக்குச் சொல்லணும் என்றார்களாம்.

உண்ணிக் காய்ச்சல்.
செடிக்கும் பூச்சிக்கும் ஒரே பெயர் வைத்து
யாரோ எப்போதோ போட்டுவைத்த குறிப்பு.
செடிமேல் பழியில்லை என்றார் பைரப்பா,
கீழே ஓடுற எலியைக் கேளுங்க.
முனிரத்தினம் விடியுமுன் கடை திறந்து
டாக்சிசைக்ளின் பெட்டியை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார்.
சேலத்திலிருந்து உறுதிச் சீட்டு வர ஒன்பது நாள்.
அதற்குள் முப்பத்தொரு வரிசை. பாதிக்குமேல் பச்சை.

போன வாரம் ஒன்பதாம் வரிசை நேரில் வந்தாள்.
கெம்பம்மா.
'என்னைப் பத்தி எழுதியிருக்கீங்களாமே. படிங்க.'
படித்தேன்.
'நாப்பத்தஞ்சா? முப்பத்தெட்டு.
கூலின்னு போட்டது யாரு?
குத்தகை நிலம், ஒன்றேகால் ஏக்கர், ராகியும் அவரையும்.'
யார் போட்டதென்று தாளே காட்டியது. நான்.
மாற்றினேன். 'ஏறிடுச்சா?' என்றாள்.
ஏறிவிட்டது என்றேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை அவள்.
சாம்பல் வரிசையில் விரல் வைத்து,
ஐம்பத்திரண்டு, ஆண், எங்க ஊரு என்று
நான் படிக்கக் கேட்டு,
'திம்மராயன்' என்றாள்.
'எல்லாருக்கும் கடைசியில ஏதோ எழுதியிருக்கு.
இவனுக்கு ஏன் காலி?'

நாகவேணி எழுதாமல் விட்ட ஒரே கட்டம்.
என்னிடம் பதில் இல்லை.

'எழுதுங்க,' என்றாள் கெம்பம்மா,
'வேலி பாதியில நிக்குது.'